எட்டுப் பேருக்கு ஒரே கற்பனை

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்பவள், கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் வரும்போது மட்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற ஒரு பிறவி. கால அட்டவணையின் கடைசிப் பாடவேளையில் குடியிருந்து, ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு மட்டும் தலைமையாசிரியர் அறையில் நாற்காலி கிடைக்கப்பெற்று, இறைவணக்கப் பாட்டில் சுருதி விலகினால் மொத்தப் பள்ளியின் பார்வைக்கும் ஆளான என் சக இசை ஆசிரியர்களே, தையல், ஓவிய ஆசிரியர்களே, இது உங்களுக்காக எழுதப்படுகிறது. மற்றவர்கள் படிப்பதற்குத் தடையில்லை. ஆனால் பெருமூச்சு விட வேண்டிய இடம் எது என்று உங்களுக்குத்தான் உடனே தெரியும்.

திண்டுக்கல்லில், ஜன்னல் வழியே மலைக்கோட்டை தெரிகிற ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இசை கற்பித்தேன். சரளி வரிசையில் தொடங்கிச் சிறு பாடல்கள் வரை எதைக் கற்பித்தாலும் என் மாணவிகள் பிசகாமல் பாடினார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதற்கில்லை. எனக்கு வசப்படாதது ஒன்றே ஒன்று: கற்பனை ஸ்வரம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடுகிறோம். பிறகு அதே ராகத்துக்குள் நின்று, அந்தக் கணத்தில் மனத்தில் தோன்றுகிற ஸ்வரங்களை ஒரு தாளச் சுற்று நீளத்துக்குப் பாடி, மறுபடியும் அந்த வரி தொடங்கும் இடத்தில் சரியாக வந்து சேர வேண்டும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். ஆசிரியை ஒரு சுற்று பாடுவாள், மாணவி தன் மனத்திலிருந்து ஒரு சுற்று பாடிப் பதில் சொல்வாள், மீண்டும் ஆசிரியை. இரண்டு பேர் பேசிக்கொள்வது போன்றதுதான். பணியில் சேர்ந்த நாள்முதல் எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு குழந்தை, ஒரே ஒரு குழந்தை, எனக்குத் தன் சொந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். அந்த ஆசை பட்ட பாடுதான் கீழே வருவது.

மாதிரிக்கு ஒன்று

ஏழாம் வகுப்பில் நன்றாகப் பாடக்கூடிய எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தேன். மோகன ராகத்தில், என் ஆசிரியை எனக்கு எழுதிக்கொடுத்த ஒரு முருகன் பாட்டு. அதன் முதல் வரிக்குக் கற்பனை ஸ்வரம் எப்படி அமையும் என்று காட்டுவதற்காகக் கரும்பலகையில் ஒரு சுற்று எழுதினேன். மேலே ‘மாதிரி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். இதைப் போலச் சொந்தமாக ஒன்று யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் எட்டுப் பேரும் வந்தார்கள். எட்டு நோட்டிலும் ‘மாதிரி’ என்ற தலைப்பு இருந்தது, அடியில் இரண்டு கோட்டோடு. அதற்கும் கீழே என்னுடைய ஸ்வரங்கள், ஒரு புள்ளி விடாமல்.

திருத்துவதற்கு அவகாசம் இல்லை. மறுநாளே மதுரையிலிருந்து இசைப் பாட ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்துவிட்டார். நடுநிலைப் பள்ளியில் கற்பனை ஸ்வரமா என்று வியந்து, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். முதல் மாணவி பாடியபோது தலையை ஆட்டினார். இரண்டாமவள் பாடியபோது ஆடிய தலை நின்றது. ஐந்தாமவளோடு சேர்ந்து அவரும் முணுமுணுத்தார். அதற்குள் அவருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. எட்டாமவள் முடித்ததும் பார்வைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் நெடுநேரம் இருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே கற்பனை வந்திருக்கும்மா. இத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?”

நான்காம் எண்ணின் இடம்

அந்த அவமானத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் தவறானது என்று இப்போது தெரிகிறது. மறு ஆண்டு, எட்டுப் பேருக்கும் எட்டு வெவ்வேறு சுற்றுகளை நானே எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொருத்திக்கும் ஓர் எண். எல்லோரும் சேர்ந்து பாட்டு வரியைப் பாட வேண்டும். பிறகு முதலாம் எண் தன் சுற்றைப் பாட வேண்டும். மறுபடி எல்லோரும் வரி. பிறகு இரண்டாம் எண். அடுத்தவள் சுற்றில் உன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பது என் கட்டளை. மூன்று மாதம் பயிற்சி. கேட்பவர்களுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது போலவே இருந்தது. நானும் அப்படியே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஆண்டு விழாவுக்கு முதல் நாள் நான்காம் எண்ணான சித்ராவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் உப்பிவிட்டது. மூன்றுக்குப் பிறகு ஐந்து பாடுவாள், அவ்வளவுதானே என்று நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மேடையில் மூன்றாமவள் முடித்தாள். எல்லோரும் வரியைப் பாடினார்கள். பிறகு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஏழு பிள்ளைகளும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தட்டி, விரல் எண்ணி, தட்டித் திருப்பி, எட்டு எண்ணிக்கையையும் கையால் போட்டு முடித்தார்கள். அரங்கம் முழுவதும் தொடையில் விழும் கைகளின் சத்தம் மட்டும் கேட்டது. எடுப்பில் மிகச் சரியாக வரியை எடுத்தார்கள், ஐந்தாமவள் தொடங்கினாள். மேடைக்குப் பின்னால் நான் அவர்களைக் கேட்டபோது, கேள்வியே புரியாதவர்களைப் போல, “அது சித்ராவோட எடம் டீச்சர்” என்றார்கள்.

அன்றைய சிறப்பு விருந்தினர் பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்பவர். இசையில் பயிற்சி இல்லாதவர். ஆனாலும் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத்தான் சொன்னார்: “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுலயும் நடுவுல ஒரு எடத்துல பிள்ளைக ஒண்ணுமே பாடாம கைய மட்டும் போட்டுச்சுக பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது.”

ஆறிப்போகும்

இப்படி எழுதிக்கொடுத்தும் எண் கொடுத்தும் மனப்பாடம் கேட்டும் ஆண்டுகள் கழிந்தன. நான் ஒரு சுற்று பாடுவேன். என் நோட்டிலிருந்தே ஒரு சுற்று எனக்குத் திரும்பி வரும். குரல் மட்டும் வேறு. மற்ற பாடங்களில் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னால் ஆசிரியர்கள் மகிழ்கிறார்கள். என் பாடத்தில் மட்டும், அப்படி அவர்கள் திருப்பிச் சொன்ன ஒவ்வொரு முறையும், பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நிற்பது போல இருந்தது.

பணி நிறைவு நாளன்று ஆசிரியர் அறையில் சிறு விழா எடுத்தார்கள். எல்லோரும் பேசி முடித்ததும் என்னைப் பாடச் சொன்னார்கள். என் வழக்கமான மோகனத்தைக் கற்பனை ஸ்வரத்தோடு பாடுவதென்று தீர்மானித்து, சுருதிப் பெட்டியை முடுக்கிவிட்டுப் பையில் என் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தையல் ஆசிரியை ஸ்டெல்லா இருபது ஆண்டுகளாக எனக்குப் பக்கத்து நாற்காலி. என்மேல் மெய்யான அன்புள்ளவள். அந்த அன்பினாலேயே குனிந்து என் காதருகே சொன்னாள்: “அக்கா, ரெண்டு வரியோட முடிச்சுக்கங்க. போண்டா ஆறிருச்சுன்னா பெறகு ஒருத்தரும் தொட மாட்டாக.”

சுவருக்கு அந்தப் பக்கம்

நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அது என் முடிவு. காரணம் கேட்டவர்களுக்கு அன்றும் சொன்னதில்லை. இங்கும் சொல்லப் போவதில்லை. இரண்டு அறை வீடு, கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம், ஏறக்குறைய என் சுருதியிலேயே உறுமுகிற ஒரு குளிர்சாதனப் பெட்டி. ஓய்வுபெற்ற பிறகு நாள் முழுவதும் ஒழிந்துதான் கிடந்தது. ஆனால் மாலை மூன்றரை மணி ஆனால் உடம்பு தானாகவே கடைசிப் பாடவேளைக்குத் தயாராகிவிடும். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பாடுவேன். ஒரு சுற்று பாடிவிட்டு, பதில் வர வேண்டிய சுற்றுக்குத் தாளத்தை மட்டும் போடுவேன். பிறகு அடுத்த சுற்று. யாருக்காக அந்த எட்டு எண்ணிக்கையைக் காலியாக விடுகிறேன் என்று என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை. அது சித்ராவின் இடம் என்று சொன்ன பிள்ளைகளைப் போல, கேள்வியே புரிந்திருக்காது.

அடுத்த வீட்டு ஜமீலா துணி காயப்போட வரும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு மாலை, கத்தரிக்காய் வெஞ்சனம் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு, என் முகத்தைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள். பல நாள் தயங்கி அன்றுதான் துணிந்தாள் என்பது தெரிந்தது. “டீச்சரம்மா, தெனமும் பாடிக்கிட்டே இருந்து செத்த நேரம் அப்பிடியே நின்னு போறீங்களே, மறந்துருதா? ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டுப் பாடலாம்ல?”

பதினான்கு பேரும் கராத்தேயும்

பள்ளியில் எனக்குப் பிறகு இசை ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படவே இல்லை. புதிதாக வந்த தலைமையாசிரியை, செவ்வாயும் வெள்ளியும் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் வந்து கற்பிக்க முடியுமா என்று தொலைபேசியில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு எதுவும் இல்லை. கேட்டவுடன் சம்மதித்தால் மதிப்பு இருக்காது என்பதற்காக ஒரு நாள் கழித்துச் சொன்னேன். அந்த ஒரு நாளில் புடவைக்குக் கஞ்சி போட்டு வைத்தேன்.

முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். அதே நேரத்தில் மைதானத்தில் கராத்தே வகுப்பும் தொடங்கியிருந்தது. அங்கே திறந்த வெளி, வெள்ளைச் சீருடை, வாய்விட்டுக் கத்துவதற்கு அனுமதி. என் வகுப்பில் இவை எவையும் கிடையா. மூன்றாம் வாரம் ஆறு பேர். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒருத்தி மட்டும்: ஏழாம் வகுப்பு தர்ஷினி. செம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமம். அப்பா தக்காளி போடுகிறார். ஒற்றைப் பிள்ளைக்காக நீங்கள் அலைய வேண்டாம், அவளும் நின்றுவிட்டால் வகுப்பை முடித்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியை தன்மையாகத்தான் சொன்னார். அதாவது, அந்தக் குழந்தை வரும்வரைதான் எனக்கு வாரத்தில் இரண்டு நாள்.

ஆனாலும் பெருமை எளிதில் விடுவதில்லை. பதிமூன்று பேர் போன பிறகும் நீ மட்டும் ஏன் இருக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். எப்படிப்பட்ட பதிலை எதிர்பார்த்துக் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க ஊரு பஸ்ஸு அஞ்சே காலுக்குத்தான் டீச்சர். அதுவரைக்கும் எங்கயாச்சும் உக்காரணும்ல.”

செவ்வாய்க்கிழமையும்

சக ஆசிரியர்களே, இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இசைக் கல்லூரித் தேர்வில் கற்பனை ஸ்வரத்துக்கு எனக்கு முதலிடம். என் ஆசிரியை பன்னிரண்டு சுற்றுகள் எழுதிக்கொடுத்திருந்தார். பன்னிரண்டையும் உருப்போட்டு, தேர்வாளர் முன்னால் அப்போதுதான் தோன்றியது போலப் பாடினேன். அவருக்கு அவருடைய ஆசிரியை எழுதிக்கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகளில், எழுதிவைக்காத ஒரு சுற்றை நான் வாய்திறந்து பாடியதில்லை. பாடினால் எடுப்புக்கு வந்து சேர முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம். பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் ஆசிரியை தாளம் தவறி நிற்கலாகாது என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்திருந்தேன்.

தர்ஷினிக்கும் அப்படித்தான் பாடிக் காட்டினேன். காலையில் நோட்டில் பார்த்துக்கொண்டதை மாலையில், புருவத்தைச் சற்று உயர்த்தி, ஓர் இடத்தில் கண்ணை மூடி, ஸ்வரத்தைத் தேடிப் பிடிப்பவளைப் போலப் பாடினேன். இந்தப் பாவனையால் எத்தனையோ வகுப்புகளை நம்பவைத்திருக்கிறேன். அந்த வகுப்புகளில் நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் என்னைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. இவளுக்குப் பார்ப்பதற்கு அந்த அறையில் என்னைத் தவிர வேறொன்றும் இல்லை. பாடி முடித்ததும், குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், கணக்கில் விடை சரிபார்ப்பவளைப் போலச் சொன்னாள்: “டீச்சர், செவ்வாக்கெழமையும் இதேதான் பாடுனீங்க. யோசிக்கிற மாதிரி கண்ண மூடுனதும் அதே எடத்துலதான்.”

மோகனத்தில் ம இல்லை

எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் நீயே பாடு என்றேன். முடியாது என்று சொல்வாள், அதோடு இந்தப் பேச்சு முடியும் என்று எண்ணினேன். அவள் பாட்டு வரியைப் பாடினாள். பாவாடைமேல் கையை வைத்துத் தாளம் போட்டாள். பிறகு எதையோ பாடத் தொடங்கினாள். அது என் நோட்டில் இல்லை. என் ஆசிரியையின் நோட்டிலும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே சர்வசாதாரணமாக ஒரு ‘ம’வைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மோகனத்தில் ஸ, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரங்கள். ம வந்தால் அது மோகனம் இல்லை. நிறுத்தினேன். விளக்கினேன். மறுபடி பாடச் சொன்னேன், மறுபடி அதே இடத்தில் ம, மறுபடி நிறுத்தினேன். ஏழு முறை நிறுத்தினேன் என்று நினைக்கிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த பதில் என் எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. என் கையோ சிவப்பு மையைத் தேடிக்கொண்டிருந்தது. எட்டாவது முறை அவள் பாடவில்லை. பையை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாரேன் டீச்சர்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. சுருதிப் பெட்டியை முடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். அங்கே புத்தகப் பையின்மேல் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுவதற்கு வந்த ஆயா பாக்கியம், துடைப்பத்தோடு வாசலிலேயே நின்று அறையை ஒரு முறை பார்த்தாள். “பிள்ள ஒண்ணும் வரலன்னா அந்தப் பெட்டிய அமத்திருங்க டீச்சர். அதுபாட்டுக்கு ஒத்தையில கத்திக்கிட்டுக் கெடக்கு.”

நிறுத்தத்தில்

வெள்ளியன்றும் அவள் நிறுத்தத்தில்தான் இருந்தாள். இரண்டு வகுப்புகள் வரவில்லை. மூன்றாவதைத் தலைமையாசிரியை பொறுக்க வேண்டிய அவசியமில்லை. என் பணிக்காலத்தில் எந்த மாணவியையும் தேடி வகுப்புக்கு வெளியே நான் போனதில்லை; அவர்கள்தான் என்னிடம் வர வேண்டும் என்பது என் ஒழுங்கு. பெட்டியை அமர்த்தினேன். பையையும் நோட்டையும் மேசைமேல் அப்படியே விட்டுவிட்டு, சாலையைக் கடந்தேன். நிறுத்தத்தில் காலிக் கூடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு பூக்காரப் பெண்கள் இருவர் இருந்தார்கள். எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

“ஏன் வகுப்புக்கு வரலை?” என்றேன்.

“இங்கயே உக்காந்துக்கிறேன் டீச்சர்.”

“அங்கே ஃபேன் இருக்கு.”

“இங்க காத்து இருக்கு.” அவளே தொடர்ந்தாள்: “பாடு பாடுன்னீங்க. பாடுனா நிறுத்து நிறுத்துன்னீங்க. எங்க பஸ்ஸு கண்டக்டர்கூட ஒரு எடத்துக்கு ஒரு தடவதான் டீச்சர் விசில் அடிப்பாரு.”

பூக்காரப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவளைப் பார்க்காதவள்போல, “மோகனத்திலே ம கிடையாது” என்றேன். அது உண்மை, அந்த நேரத்தில் என்னிடம் இருந்த உண்மை அது ஒன்றுதான்.

“தெரியும் டீச்சர். அது தானா வந்துருச்சு.”

“எனக்கு ஒரு தடவைகூட எதுவும் தானா வந்ததில்லை.”

எதற்காக அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லை.”

“நோட்டு உள்ளதான இருக்கு?” என்று என் வெறுங்கையைப் பார்த்துக் கேட்டாள். ஆம் என்றேன். “அப்ப இப்பப் பாடுங்க. பஸ்ஸு வர நேரமாகும் போல.”

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் தாழ்ந்த குரலில் வரியைப் பாடினேன். அவள் தாளம் போட்டாள். முதல் நான்கு எண்ணிக்கை நன்றாகத்தான் வந்தது. அது பழைய நோட்டின் தொடக்கம் என்பது பாடும்போதே தெரிந்தது. அதை விட்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பினேன். ‘த’விலிருந்து ‘ரி’க்கு இறங்கினேன். அங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. எங்கள் பாட்டு தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை தள்ளித்தான் தொடங்கும். அந்த அரை எண்ணிக்கை என்னைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு காலமும் அஞ்சிக்கொண்டிருந்தது நடந்துவிட்டது, அதுவும் இரண்டு பூக்காரப் பெண்களுக்கு முன்னால்.

தர்ஷினியின் கை நிற்கவில்லை. தட்டினாள், விரல் எண்ணினாள், தட்டித் திருப்பினாள். ஒரு முழுச் சுற்று போயிற்று. “பரவால்ல டீச்சர்” என்றாள் தாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் விடல, போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க மெதுவா வாங்க.”

மெதுவாகத்தான் வந்தேன். ‘ரி’யிலேயே நின்று, ‘க’வைத் தொட்டு, திரும்பி ‘ஸ’வுக்கு வந்து, மறுபடி கிளம்பி, மூன்றாவது சுற்றின் முடிவில் எடுப்பை எட்டிப் பிடித்தேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்வதில்லை. நான் வந்து சேர்ந்த அதே அரை எண்ணிக்கையில் அவளும் சேர்ந்து வரியை எடுத்தாள். பிறகு தன் சுற்றைத் தொடங்கினாள். ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே அந்த ‘ம’ வந்தது, அதே இடத்தில், வெட்கமில்லாமல். தாளம் போட்ட என் கையை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. அவள் எடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தாள். நான் பாடினேன். அவள் பாடினாள். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பணியில் சேர்ந்த நாள்முதல் நான் எண்ணாமல் விட்ட முதல் கணக்கு அது. கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள், தாளத்துக்குச் சற்றும் பொருந்தாமல். அவளையும் நான் திருத்தவில்லை.

ஐந்தே கால் பேருந்து அன்றைக்குப் பொழுது சாயும் வேளையில்தான் வந்தது. தர்ஷினி ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டினாள்: “டீச்சர், கடைசியா நான்தான் பாடுனேன். செவ்வாக்கெழம மொதல்ல நீங்க. எழுதிக்கிட்டு வந்துராதீங்க.”

ஆகவே, என் சக ஆசிரியர்களே, கற்பனை ஸ்வரம் கற்பிக்க விரும்புகிறவர்கள் பேருந்து நேரத்துக்கு வராத ஊராகப் பார்த்து மாறுதல் கேட்டுக்கொள்வது நல்லது.